தாயில்லாத வீட்டுக்கு வந்த தமிழ்ப் பெண்
'கும்பளங்கி நைட்ஸ்' படம் காட்டும் இரண்டு தாய்மார்கள்

மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பள்ளுருத்தி வழியாகத் தெற்கே போனால் பெரும்படப்பு வரும். அங்கே காயல் குறுக்கிடுகிறது. பாலத்தைக் கடந்தால் கும்பளங்கி. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கிராமம். கரையோரம் சீன வலைகள், இடையிடையே கண்டல் மரங்கள், வரப்பு கட்டிய இறால் கெட்டுகள். மழைக்காலத்தில் பொக்காளி நெல் விளையும் அதே நிலத்தில், அறுவடை முடிந்ததும் உப்புநீரை விட்டு இறால் வளர்ப்பார்கள். கொச்சியில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய்க் காட்டும் இடம் இது.

இந்தக் கிராமத்தின் பெயரை நாடறியச் செய்த படம் 'கும்பளங்கி நைட்ஸ்'. 2019 பிப்ரவரி 7-ம் தேதி வெளிவந்தது. கதை வசனம் சியாம் புஷ்கரன். டைரக்டர் மது சி. நாராயணனுக்கு இது முதல் படம். படத்தில் முக்கிய வேடமேற்ற பகத் பாசிலும், அவருடைய மனைவி நஸ்ரியாவும், டைரக்டர் திலீஷ் போத்தனும், சியாம் புஷ்கரனும் தயாரிப்பில் பங்காளிகள். சுஷின் சியாமின் இசை அந்த ஆண்டுக்கான கேரள அரசின் விருதைப் பெற்றது. ஜனரஞ்சகமும் கலைத்தரமும் சேர்ந்த படம் என்ற விருதும் இதற்கே கிடைத்தது.

படத்தில் ஓர் இரவுக் காட்சி வருகிறது. காயல் நீர் நீல நிறத்தில் ஒளிர்கிறது. உப்பு ஏறிய நீரில் பெருகும் நுண்ணுயிர்கள், நீர் அசைந்தால் இப்படி ஒளிவிடும். ஊரார் இதைக் 'கவர்' என்பார்கள். படம் வந்த பிறகு, இரவு நேரத்தில் இதைப் பார்க்கவென்றே வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், படத்தில் உள்ள வீட்டை எவ்வளவு தூரம் கவனித்தார்கள் என்பது வேறு விஷயம். கதை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

பஞ்சாயத்திலேயே மோசமான வீடு

ஊருக்கு ஒதுக்குப்புறமாக, காயலோரம், பூச்சுக் காணாத ஒரு வீடு. வேண்டாத நாய்க் குட்டிகளையும் பூனைக் குட்டிகளையும் ஊரார் கொண்டுவந்து விடும் இடம் அது. அதில் நான்கு சகோதரர்கள். நால்வரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் இல்லை. இரண்டு திருமணங்களில் கலந்து உருவான குடும்பம். தகப்பன் இறந்துவிட்டார். தாய் வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

மூத்தவன் சஜி. சௌபின் சாஹிர் நடித்திருக்கிறார். அடுத்தவன் போனி, வாய் பேசாதவன். வேடமேற்றவர் ஸ்ரீநாத் பாசி. மூன்றாமவன் பாபி, வேலைவெட்டி இல்லாமல் சுற்றுபவன், ஷேன் நிகம். கடைக்குட்டி பிராங்கி, வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவன், மாத்யூ தாமஸ். விடுமுறைக்கு உன் ஊருக்கு வருகிறோம் என்று பள்ளித் தோழர்கள் கிளம்பும்போது, வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பிராங்கி பொய் சொல்லித் தவிர்க்கிறான். வீட்டை நினைத்து அவ்வளவு வெட்கம் அந்தப் பையனுக்கு. வறுமை என்பதைக் காட்ட ஒட்டிய வயிறும் கிழிந்த துணியுமாக நூறு அடி பிலிம் செலவழிப்பது வழக்கம். இங்கே ஒரு பள்ளிப் பிள்ளையின் பொய்யில் அது முடிந்துவிடுகிறது.

தகப்பனுடைய நினைவு நாளன்றும் அண்ணன் தம்பிகள் கட்டிப்புரண்டு சண்டை போடுகிறார்கள். சமைப்பதற்கும், பெருக்குவதற்கும், ஒருவன் சாப்பிட்டானா என்று இன்னொருவன் கேட்பதற்கும் அங்கே ஆள் கிடையாது. தாய் போனதால் வீடு இப்படி ஆயிற்று என்று நினைக்கத் தோன்றும். கதாசிரியர் அத்துடன் விட்டுவிடவில்லை. வளர்ந்த நாலு ஆண்பிள்ளைகள் இருந்தும், தாய் செய்துகொண்டிருந்த வேலையில் ஒன்றைக்கூட எடுத்துச் செய்ய இவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி படம் முழுவதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

வர மறுத்த தாய்

பாபிக்குப் பேபி என்ற பெண்ணின் மேல் விருப்பம். பெண் கேட்கப் போகவேண்டும். பெரியவர்கள் என்று யாராவது வீட்டில் இருந்தால்தானே நாலு பேர் மதிப்பார்கள்? தாயை அழைத்துவரப் பிள்ளைகள் போகிறார்கள். அவர் ஜெப வாழ்க்கையில் ஈடுபட்டு வேறிடத்தில் இருக்கிறார். பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். கொஞ்ச நாளைக்கு வந்து நின்றால் போதும் என்கிறார்கள். அவர் வரமாட்டேன் என்கிறார்.

இந்தக் காட்சி சில நிமிடங்கள்தான். தாயாக நடித்தவர் பி.எம். லாலி. அவர் கத்தவில்லை, கண்ணீர் விடவில்லை, பிள்ளைகளைச் சபிக்கவும் இல்லை. தன் கடமை இப்போது வேறு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பார்க்கிறவர்களுக்கு முதலில் கோபம் வருகிறது. பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று தோன்றுகிறது. கொஞ்சம் யோசித்தால் வேறொன்று புலப்படும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, அந்தச் சுவர்களுக்குள் அந்த அம்மாள் எத்தனை வருஷம் மாரடித்திருப்பார்? அதைப்பற்றிப் படம் ஒரு பிளாஷ்பேக்கும் காட்டவில்லை. அவரைக் கெட்டவராகவும் காட்டவில்லை, தெய்வமாகவும் ஆக்கவில்லை. இந்திய சினிமாவில் தாய்க்கு இவ்வளவு மரியாதை அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும்.

பழைய படங்களை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 1968-ல் வின்சென்ட் டைரக்ட் செய்து மலையாளத்தில் வந்த 'துலாபாரம்' நம்மவர்களுக்கும் தெரிந்த படம். தோப்பில் பாசியின் நாடகத்தைத் தழுவியது. தொழிலாளியான கணவனைப் பறிகொடுத்து, பசியால் துடிக்கும் பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்துவிட்டு, தான் மட்டும் பிழைத்துக் கோர்ட்டில் நிற்கும் தாயின் கதை. அதில் நடித்த சாரதாவுக்கு, சிறந்த நடிகைக்கான 'ஊர்வசி' விருதை மத்திய அரசு அளித்தது. 1969-ல் தமிழில் எடுத்தபோதும் அந்த வேடத்தை அவரே ஏற்றார். தியேட்டரில் அழாதவர்கள் இல்லை. 1965-க்கான ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கிய 'செம்மீன்' படத்திலோ, கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கம்தான் கடலுக்குப் போன கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கையே கதைக்கு அஸ்திவாரம். இரண்டிலும் குடும்பத்தின் பாரம் முழுவதும் பெண்ணின் தலையில் இறங்குகிறது. கடைசியில் விலை கொடுப்பவளும் அவளே.

ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு அதே கடலோரத்தில் எடுக்கப்பட்ட படத்தில், தாய் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். தூக்க வேண்டியவர்கள் பிள்ளைகள்.

மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலி

காயலின் மறுபுறத்தில் இன்னொரு குடும்பம். அங்கே குறை எதுவும் வெளியே தெரியாது. விதவைத் தாய், இரண்டு பெண்கள், சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைத்து வரும் வருமானம். மூத்தவள் சிமியைக் கட்டிக்கொண்டு ஷம்மி என்பவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறான். பகத் பாசில் நடித்த வேடம் இது. முடிதிருத்தும் தொழில். கண்ணாடி முன் நின்று மீசையைச் சரிசெய்து, தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் ஆசாமி. வந்த சில நாட்களிலேயே சாப்பாட்டு மேஜையில் தலைமாட்டு நாற்காலி அவனுடையதாகிவிடுகிறது. சிரித்துக்கொண்டே எல்லோரையும் அடக்குகிறான்.

அந்த வீட்டுத் தாயாக நடித்தவர் அம்பிகா ராவ். உதவி டைரக்டராகவும் பல படங்களில் பணியாற்றிய இவர் 2022-ல் காலமானார். மாப்பிள்ளை முகம் கோணக்கூடாதே என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் அந்தத் தாயை நம் வீடுகளிலும் பார்க்கலாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பயப்படுவது ஒருவிதம். தன் சொந்த வீட்டிலேயே பயந்து வாழ்வது இன்னொரு விதம். தங்கையை மரியாதையில்லாமல் பேசாதே என்று, அதுவரை வாய் திறக்காத சிமி கணவனை எதிர்த்துக் கேட்கும் இடத்தில் கிரேஸ் ஆண்டனியின் நடிப்பு நினைவில் நிற்கும்.

நாலு பிள்ளைகளுக்கும் தகப்பன் ஒருவன் இல்லையே என்று ஷம்மி ஏளனம் செய்கிறான். பேபியாக வரும் அன்னா பென் அதற்குச் சளைக்காமல் பதில் கொடுக்கிறார். ஒழுங்கான குடும்பம் என்று ஊர் சொல்லும் வீட்டில் பெண்கள் மூச்சுத் திணறுகிறார்கள். சீரழிந்த குடும்பம் என்று சொல்லும் வீடு மெல்ல மெல்லத் தலைநிமிர்கிறது. முடிவில் ஷம்மியை மீன் வலை வீசிப் பிடிக்கும் சண்டை ஒன்று உண்டு. சற்று நீளம். அதுவரை அடங்கிய குரலில் பேசிய படம் அங்கே மட்டும் வழக்கமான வில்லன் கதைக்கு இறங்கிவருவது ஒரு குறையே.

தேய்ப்புக்காரரின் மனைவி

கொச்சித் தமிழர்களுக்கு இந்தப் படத்தில் தனி அக்கறை வரக் காரணம், கதையின் நடுவே ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதுதான்.

சஜியின் நண்பர் துணி தேய்க்கும் ஒரு தமிழர். ரமேஷ் திலக் நடித்திருக்கிறார். சஜி சொந்தமாக உழைப்பதில்லை. இந்த நண்பருடைய சம்பாத்தியத்தில் கைவைத்துத்தான் குடிக்கிறான். நண்பருடைய மனைவி கர்ப்பமாக இருக்கிறார். ஒருநாள் மனமுடைந்த சஜி உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறான். காப்பாற்ற ஓடிவந்த நண்பர் அந்த முயற்சியில் தானே இறந்துபோகிறார். பிழைத்தவன் குடிகாரன், போனது பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தவர்.

அதன் பிறகு சஜி மாறுகிறான். மனநல டாக்டரைத் தேடிப்போய், அவர் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்ந்த ஒருவன், வைத்தியம் கேட்டு அழும் அந்தக் காட்சி கேரளத்தில் வெகுவாகப் பேசப்பட்டது. அந்தத் தமிழ்ப் பெண்ணின் காலில் விழுகிறான். கைக்குழந்தையோடு அவரைத் தங்கள் வீட்டுக்குத் தோணியில் அழைத்துவருகிறான். நாலு ஆண்கள் அடித்துக்கொண்டு கிடந்த வீட்டில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. அதன்பின் அந்த வீட்டில் யாரும் முன்போல் இல்லை.

அந்தப் பெண்ணாக நடித்தவர் ஷீலா ராஜ்குமார், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். வசனம் மிகக் குறைவு. முகத்தை வைத்துக்கொண்டே நடித்திருக்கிறார்.

பலரும் புகழ்ந்த பகுதி இது. ஆனால் நம்மவர்கள் சற்று நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கணவனின் சாவுக்குக் காரணமானவனுடைய வீட்டில், பச்சை உடம்போடு போய் இருப்பதற்கு அந்தப் பெண்ணின் மனம் எப்படிச் சம்மதித்தது? அவருக்கு ஊரில் தாய் வீடு இல்லையா, அண்ணன் தம்பி இல்லையா? கோபம் வரவில்லையா? சஜியின் அழுகைக்கு ஒரு டாக்டரையும் ஒரு தனிக் காட்சியையும் கொடுத்த படம், இவர் அழுவதற்கு அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. ஓடிப்போன மலையாளத் தாய்க்குத் தன் நிலையைத் தானே சொல்லும் வாய்ப்புக் கிடைத்தது. வந்து சேர்ந்த தமிழ்த் தாய் மௌனமாக, குழந்தையை ஏந்திய மாதா படம் போல, வீட்டுக்கு வெளிச்சம் தரும் வேலையை மட்டும் செய்கிறார். பழைய சினிமாவின் தியாகத் தாயை முன்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, கொல்லைப்புறம் வழியாகத் திரும்ப உள்ளே விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம் எழுகிறது.

இதற்கு மறுப்பும் சொல்லலாம். கையில் காசில்லாத, கேட்பாரற்ற பெண்ணுக்கு அந்த நேரத்தில் கூரைதான் முதல் தேவை. கோபத்தைக் காட்ட அவருக்கு வசதி ஏது? வந்தவரை அந்த வீட்டில் யாரும் வேலைக்காரியாக நடத்தவில்லை, அதிகாரமும் செய்யவில்லை. இதுவும் உண்மையே. பிழைக்க வந்த இடத்தில் கணவனை இழந்த பெண்களை அறிந்தவர்கள் இந்த இரண்டில் எதையும் எளிதில் தள்ளிவிடமாட்டார்கள்.

வெளி மைதானமும் வாத்துருத்தியும்

கதையில் வரும் தமிழரைத் துணி தேய்ப்பவராக வைத்தது தற்செயலா என்று தெரியாது, ஆனால் பொருத்தமானது. கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்ற இடத்தில் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், அவர்களுடைய பட்டாளத்தாரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே தொழில் செய்கிறார்கள். இருநூறு வருஷங்களுக்கு மேலாயிற்று. வீட்டுப் பேச்சு இன்றும் தமிழ்தான். 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்குத் துவைக்கும் துறைகளையும் தேய்க்கும் கூடத்தையும் கட்டிக்கொடுத்தது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிக் காயவைப்பார்கள்; கிளிப் தேவையில்லை. காற்றடித்தாலும் விழாது.

வில்லிங்டன் தீவுக்குப் போகும் ரயில் பாதையோரம் உள்ள வாத்துருத்தியை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. கட்டட வேலைக்கும் மண் வேலைக்கும் போகும் தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் இடம். சாரத்திலிருந்து விழுந்தும், மின்சாரம் தாக்கியும், மண் சரிந்தும் இறந்தவர்களின் மனைவிமார்கள், பெண்டு பிள்ளைகளோடு உடலை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய கதைகள் இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்களைத் தேடித் தோணியோடு எந்தச் சஜியும் வருவதில்லை.

கேரள அரசு 2010-ல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று ஒரு நலத் திட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே இத்தகைய திட்டம் அதுதான் முதல். 2017-ல் 'ஆவாஸ்' என்ற இன்ஷூரன்ஸ் திட்டமும் தொடங்கப்பட்டது. அப்போது அறிவித்தபடி, பெயர் பதிந்த தொழிலாளி விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 15,000 ரூபாய் வரை வைத்தியச் செலவு. பதிந்துகொண்டவர்களுக்கே இது பொருந்தும். நம்மவர்களில் பலர் முப்பது நாற்பது வருஷமாகக் கொச்சியில் இருப்பதாலேயே தங்களை வெளிமாநிலத்தவர் என்று நினைப்பதில்லை, பதிவதும் இல்லை. படத்தில் வரும் தேய்ப்புக்காரர் பதிந்திருந்தாரா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கையில் சொந்தப் பணம் 2 லட்சம் இருந்திருந்தால், அந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போவது என்பதைத் தானே தீர்மானித்திருக்கலாம் அல்லவா?

கும்பளங்கிப் பஞ்சாயத்து பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் முன்னால் நிற்பது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாதவிடாய்க் காலத்தில் நாப்கினுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கப்களைப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்து, நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்தாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது இந்த ஊர். சினிமாக் கும்பளங்கியில் கேட்காத விஷயங்கள் நிஜக் கும்பளங்கியில் நடக்கின்றன.

அதே முகம், இன்னொரு வீடு

'கும்பளங்கி நைட்ஸ்' திரைக்கு வந்த இரண்டு வாரத்தில், 2019 பிப்ரவரி 21-ம் தேதி, தமிழில் 'டூலெட்' வெளியாயிற்று. ஒளிப்பதிவாளர் செழியன் டைரக்ட் செய்த படம். 2017-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. அதிலும் ஷீலா ராஜ்குமார்தான் தாய். பெயர் அமுதா.

2007-ம் வருஷச் சென்னை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகி, வாடகை ஏறிவிட்ட காலம். சினிமாவில் வாய்ப்புத் தேடும் கணவன், பள்ளிக்குப் போகும் சிறுவன். ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுகிறார் வீட்டுக்காரம்மாள். கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் தெருத் தெருவாக அலைகிறார்கள். என்ன வேலை, என்ன ஜாதி, அசைவம் சாப்பிடுவீர்களா என்று கேள்விகள். சினிமாக்காரன் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். எர்ணாகுளத்திலும் பள்ளுருத்தியிலும் வீடு தேடி அலைந்த குமாஸ்தாக்களுக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம். நம்மைக் கேட்கும்போது 'தமிழனா?' என்பது கூடுதலாகச் சேரும்.

அமுதாவுக்கு அந்தப் படத்தில் பேச இடம் இருக்கிறது. கணவனிடம் சீறுகிறார், பிறகு சமாதானமாகிறார். வீட்டுக்காரம்மாளின் குரல் கேட்டாலே பதறுகிறார். பிள்ளை சுவரில் படம் வரைந்தால் வீடு பாழாகிவிட்டதென்று சொல்வார்களே என்று தவிக்கிறார். மாதக் கணக்குப் பார்க்கிறார். கும்பளங்கியில் தோணியில் வந்து இறங்கிய பெண்ணும், தேய்ப்புக்காரர் உயிரோடு இருந்த நாட்களில், வாடகைக்கும் பிரசவத்துக்கும் இப்படித்தான் கணக்குப் பார்த்திருப்பார்.